நான் சொன்னால் ஏன் எடுபடவில்லை? தன்னம்பிக்கையும் பிறரை இணங்க வைக்கும் பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் குழு ஊக்குனர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். வங்கியில் கடன் கேட்க வேண்டும், கிராம சபையில் எழுந்து பேச வேண்டும், தலைமையாசிரியரிடம் பிள்ளையின் குறையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஆளுக்கொரு காரணத்தோடு வருவார்கள். பயிற்சி முடிகிற நேரத்தில் சந்தேகங்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்வேன். பெயர் போட வேண்டாம் என்றால்தான் மனசில் இருப்பது வெளியே வரும். அந்தச் சீட்டுகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அவரும் நானும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறோம். அவர் சொன்னால் எடுபடுகிறது, நான் சொன்னால் இல்லை. ஏன்?

காதில் விழும் ஒவ்வொன்றையும் சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. அதனால் சொல்லப்படும் விஷயத்தை விட்டுவிட்டு, சொல்கிற ஆளைப் பார்க்கிறோம். ‘இவ்வளவு உறுதியாச் சொல்றாரே, தெரியாமலா சொல்லுவார்?’ பெரும்பாலும் இந்தக் குறுக்கு வழி நம்மைச் சரியான இடத்துக்கே கொண்டுபோய் விடும். இருபது வருடம் மோட்டார் கழற்றி மாட்டியவர் சத்தத்தைக் கேட்டதுமே “காயில் போயிருச்சு” என்கிறார். நாமும் மறுபேச்சில்லாமல் கழற்றச் சொல்கிறோம்.

ஆனால் இது பாதி பதில்தான். மீதியைப் பயிற்சியில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பயந்துகொண்டு பேசுகிறவரின் கவனமெல்லாம் தன் மேலேயே இருக்கிறது. குரல் நடுங்குகிறதா, முந்தானை சரியாக இருக்கிறதா, தப்பாகப் பேசிவிட்டோமா என்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை. தன்னம்பிக்கை உள்ளவருக்குத் தன்னைப் பற்றிய அந்தக் கவலை இல்லை. கண்ணும் காதும் எதிராளி மேலேயே இருக்கும். எந்த வார்த்தையில் அவர் முகம் சுருங்கியது, எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பதெல்லாம் இவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கேற்பப் பேச்சைத் திருப்புகிறார். தன்னம்பிக்கை பிறரை இணங்க வைப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவர் சொல்வதுதானே நடக்கிறது?

நடக்கிறது. அமெரிக்காவில் கேமரன் ஆண்டர்சன், கேவின் கில்டஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நேரடியாகவே சோதித்தது. முன்பின் பழக்கமில்லாதவர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு தடவை, யாரோ ஒருவர் முதலில் சொன்ன விடையையே குழு தன் இறுதி விடையாக எடுத்துக்கொண்டது. முந்திக்கொண்டு பேசியவர்களைத்தான் மற்றவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தார்கள். கணக்கில் அவர்கள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்களாக இல்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சத்தத்தைவிட ‘முதலில்’ என்ற வார்த்தைதான் உறைத்தது. நம் கிராம சபைகளை நினைத்துப் பாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில், தேதி தெரிந்துதான் கூட்டம் நடக்கிறது. நம் பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கத் தொடங்கிய பிறகு, “அந்த வடக்குத் தெரு சாக்கடை…” என்று ஆரம்பிப்பார்கள். யார் காதிலும் விழாது. அதே சாக்கடையை முதல் பத்து நிமிடத்துக்குள் சாதாரணக் குரலில் சொன்னால் போதும், அதற்கப்புறம் பேசுகிறவர்கள் எல்லாம் அதைத் தொட்டுத்தான் பேச வேண்டியிருக்கும். “இதைத் தீர்மானமா எழுதுங்க” என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். அதற்குக் கத்த வேண்டியதே இல்லை.

எனக்குக் கூச்ச சுபாவம். நாலு பேர் முன்னால் நாக்கு எழாது. என்னால் முடியுமா?

இந்தக் கேள்வி வராத பயிற்சியே கிடையாது. எழுதிய கையின் நடுக்கம்கூடச் சில சீட்டுகளில் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1891-இல் இலண்டனில் பாரிஸ்டர் ஆகிவிட்டுத் திரும்பிய இளைஞர் ஒருவருக்குப் பம்பாயின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு கிடைத்தது. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். “என்னால் நடத்த முடியாது, வேறு வக்கீலைப் பாருங்கள்” என்று சொல்லி, வாங்கிய முப்பது ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அதற்கு முன் இலண்டனில் சைவ உணவுச் சங்கத்தின் குழுவில் இருந்தபோதும், தன் கருத்தை எழுதி எடுத்துப் போய், வாசிக்கத் துணியாமல் வேறொருவரை வாசிக்க வைத்திருக்கிறார். அவர்தான் காந்தி.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1917 ஏப்ரல் 18 அன்று, பீகாரில் மோதிஹாரி நீதிமன்றத்தில் அதே மனிதர் நிற்கிறார். இம்முறை குற்றம் சாட்டப்பட்டவராக. சம்பாரண் மாவட்டத்தில் விவசாயிகள் தங்கள் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில், நீலச் சாயம் எடுக்கிற செடியான அவுரியைக் கட்டாயமாகப் பயிரிட வேண்டியிருந்தது. அதை விசாரிக்கப் போனவரை மாவட்டத்தை விட்டு வெளியேறச் சொன்னது அரசு. அவர் போகவில்லை. நீதிமன்றத்தில் ஒரு சிறிய அறிக்கையை வாசித்தார். உத்தரவை மீறியது உண்மைதான், சட்டத்தின் மேல் மரியாதை இல்லாததால் அல்ல, மனசாட்சிக்குக் கட்டுப்பட்டதால், தண்டனையை ஏற்கிறேன் என்பதுதான் அதன் சாரம். வாதாடப் போகிறார் என்று எதிர்பார்த்து வந்த அரசு வக்கீலுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. தீர்ப்பைத் தள்ளிவைத்தார்கள். பிறகு வழக்கையே அரசு திரும்பப் பெற்றது.

நடுவில் என்ன மாறியது? மேடைப் பேச்சில் அவர் தேர்ச்சி பெற்றுவிடவில்லை, கடைசி வரைக்கும் தணிந்த குரல்காரர்தான். தென்னாப்பிரிக்காவில் இருபத்தோரு வருடம், பேசித்தான் ஆக வேண்டும் என்ற விஷயங்கள் அவருக்கு வந்து சேர்ந்தன. தன்னைப் பற்றிய பயத்தைவிட அந்த விஷயம் பெரிதாகிவிட்டது.

சம்பாரணில் இன்னொன்றும் நடந்தது. விவசாயிகளின் வாக்குமூலங்களை எழுதிய இடத்துக்குப் போலீஸ் துப்பறியும் அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். காந்தி அவரைப் போகச் சொல்லவில்லை. மரியாதையாக நடத்தினார். அந்த அதிகாரி காதுபடவே வாக்குமூலம் கொடுத்ததில் விவசாயிகளின் பயம் போயிற்று, மிகைப்படுத்திச் சொல்லும் வழக்கமும் குறைந்தது. குறுக்குக் கேள்விக்கு நிற்காத வாக்குமூலங்களைத் தள்ளிவிட்டார்கள். சாட்சியைக் கேள்வி கேட்க முடியாமல் உட்கார்ந்தவர், இப்போது தன் தோழர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கானவர்களைக் கேள்வி கேட்டு எழுத வைத்தார். 1918-இல் அந்தக் கட்டாய அவுரி முறை சட்டம் போட்டே ஒழிக்கப்பட்டது.

ஆகவே கூச்சம் போகட்டும், பிறகு பேசுகிறேன் என்று காத்திருக்காதீர்கள். உங்களைப் பேச வைக்கும் அளவுக்கு உங்களுக்கு முக்கியமான விஷயம் எது என்று பாருங்கள்.

எதிரில் இருப்பவர் ‘முடியாது’ என்ற முடிவோடுதான் உட்கார்ந்திருக்கிறார். என்ன சொல்லி மாற்றுவது?

சொல்லி மாற்ற முடியாது. கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

நான் கூட இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் கொண்ட குழு. மூன்று லட்சம் கடன் கேட்டு வங்கிக்கு மூன்று தடவை போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் “பாத்துட்டுச் சொல்றேம்மா, அடுத்த வாரம் வாங்க” என்ற பதில்தான். நாலாவது தடவை ஊக்குனர் என்னையும் அழைத்துப் போனார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே பாஸ்புக், தீர்மான நோட்டு, தவணை கட்டிய ரசீதுகள். மேலாளர் மறுபடியும் அடுத்த வாரம் என்று தொடங்கினார்.

“சார், குடுக்கறதுல உங்களுக்கு எது இடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இருந்தாச் சொல்றேன். இல்லேன்னா எந்திரிச்சுப் போயிர்றேன்.”

சொல்லிவிட்டு அந்த அம்மா பேசாமல் இருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கே ஏதாவது சொல்லி நிரப்ப வேண்டும்போல் இருந்தது. அவர் அசையவில்லை. மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். “உங்க ஊர்லயே போன வருசம் ஒரு குழு தவணையைப் பாதியில நிறுத்திட்டாங்கம்மா. தணிக்கையில என்னைத்தான் கேட்டாங்க.”

அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊக்குனர் தீர்மான நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் தேடி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். உறுப்பினர் ஒருவரின் கணவர் இறந்த மாதம் அது. அந்த மாதத் தவணையை மற்ற பதினோரு பேரும் பங்கு போட்டுக் கட்டியதாகத் தீர்மானம். “இதுல இருக்கறது எங்க பதினோரு பேரு கையெழுத்து சார்.” மேலாளர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். இரண்டு லட்சம் கிடைத்தது. மூன்று இல்லை. இரண்டுதான். ஆனால் மூன்று தடவை அலைந்து கிடைக்காதது, ஒரு கேள்வியால் கிடைத்தது.

அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிச்சல் வேண்டும். பதில் நமக்குப் பாதகமாக இருந்தாலும் தாங்கிக்கொள்வோம் என்கிற நம்பிக்கை இருப்பவர்தான் ‘எது இடிக்குது’ என்று கேட்பார்.

கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால்? ‘தெரியாது’ என்றால் மதிப்புப் போய்விடாதா?

தெரிந்த மாதிரிப் பேசி மாட்டிக்கொண்டால்தான் மதிப்புப் போகும். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கற்பனை வழக்கு ஒன்றில் சாட்சிகளை மக்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று பார்த்தது. தொடக்கத்தில் எல்லாவற்றையும் அடித்துச் சொன்ன சாட்சியைத்தான் அதிகம் நம்பினார்கள். அவர் சொன்னதில் ஒன்று தவறு என்று தெரிந்ததும் நிலைமை தலைகீழானது. சில விஷயங்களில் ‘எனக்கு அவ்வளவு உறுதியில்லை’ என்று முன்கூட்டியே சொல்லியிருந்த சாட்சி, அதே மாதிரி தவறு செய்தும் அவரைவிட நம்பப்பட்டார்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இளவயதில் ‘நிச்சயமாக’, ‘சந்தேகமே இல்லை’ என்று வாதாடும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதை விட்டுவிட்டு, ‘இப்போதைக்கு எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று பேசப் பழகிக்கொண்டார். 1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்திடும் நாள். அவருக்கு வயது 81. உடல் தளர்ந்துவிட்டதால் அவர் எழுதி வந்த உரையை இன்னொருவர் வாசித்தார். இந்த அரசியலமைப்பில் சில பகுதிகள் எனக்கு இப்போது உடன்பாடில்லை, ஆனால் எப்போதும் உடன்பாடு வராது என்று சொல்ல மாட்டேன், வயதாக ஆக என் கருத்து தவறாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன், உங்களில் மறுப்பு இருப்பவர்களும் தங்கள் மேலேயே கொஞ்சம் சந்தேகப்பட்டுக் கையெழுத்திடுங்கள் என்றார். எல்லாரும் கேட்கவில்லை, அங்கிருந்த மூன்று பேர் மறுத்தார்கள். 39 கையெழுத்துகள் விழுந்தன.

‘தெரியாது’ என்பதோடு ‘வியாழக்கிழமைக்குள் விசாரித்துச் சொல்கிறேன்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். வியாழக்கிழமை மறக்காமல் போய்ச் சொல்லுங்கள்.

அதிகாரத்தில் இருப்பவரிடம் அவர் மனம் நோகாமல், நாமும் குனியாமல் எப்படிப் பேசுவது?

இதற்கு ஔவையாரைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரியாது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் 95ஆவது பாட்டாக இருக்கிறது. உன் ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. அவ்வளவுதான் சேதி. இருந்தால் எல்லாருக்கும் கொடுத்து, இல்லாதபோது உடன் பகிர்ந்து உண்பவன் எங்கள் அரசன் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

மிரட்டல் ஒரு சொல் இல்லை, கெஞ்சலும் இல்லை. கேட்கிறவன் காட்டிய பொருளையே எடுத்து, அவன் கண்ணாலேயே பார்க்க வைத்திருக்கிறார். நடுங்கிக்கொண்டு நின்றவருக்கு அந்த வேல்களில் பூசிய நெய் கண்ணில் பட்டிருக்காது.

எனக்கு ஆங்கிலம் வராது. அதனாலேயே அலுவலகங்களில் தாழ்வாக உணர்கிறேன்.

1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் நீங்கள் தமிழில் மனு கொடுப்பது சலுகை அல்ல. ‘மன்னிச்சுக்கங்க, இங்கிலீஷ் தெரியாது’ என்று தயவுசெய்து பேச்சைத் தொடங்காதீர்கள். இதை மட்டும் உங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

நெஞ்சை நிமிர்த்தி நின்றால் தைரியம் வரும் என்கிறார்களே?

இரண்டு நிமிடம் கம்பீரமாக நின்றாலே உடம்பில் ஹார்மோன்கள் மாறும் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது, உலகமெங்கும் பரவியது. 2015-இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த ஹார்மோன் மாற்றம் வரவில்லை. முதல் ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரே அடுத்த ஆண்டு, தனக்கு இனி அதில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். அப்படி எழுதியதை நான் பெரிய தைரியமாக நினைக்கிறேன். நிமிர்ந்து நில்லுங்கள், நல்லதுதான். ஆனால் நெஞ்சு படபடக்கும்போது மெதுவாகப் பேசுவதும், கையில் ஒரு சீட்டு வைத்திருப்பதும்தான் எங்கள் பெண்களுக்கு அதிகம் கைகொடுத்திருக்கின்றன.

வீட்டில் என் பேச்சு எடுபடுவதே இல்லை. வெளியில் பரவாயில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு நம் குரலின் எல்லா வேஷமும் தெரியும். என் அம்மா கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வருடம் சம்மதிக்கவில்லை. நானும் டாக்டர் சொன்னதையெல்லாம் உறுதியான குரலில் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். தங்கைதான் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னம்மா பயம் உனக்கு?” என்று கேட்டாள். “பத்து நாளு குனியக் கூடாதுங்கறாங்க. மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?” மாப்பிள்ளை வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த வாரமே ஆபரேஷன் முடிந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிற கேள்வியை நான் என் அம்மாவிடம் கேட்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

தன்னம்பிக்கையோடு பேசியே ஏமாற்றுகிறார்களே, அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ‘முதலீட்டுக் கூட்ட’த்துக்குப் போனேன். மேடையில் பேசியவரின் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. நாற்பதாயிரம் கட்டினேன். திரும்ப வரவில்லை. பின்னால் யோசித்தபோது ஒன்று புரிந்தது. இரண்டரை மணி நேரத்தில் அவர் எங்களை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, எங்கள் கேள்வி எதற்கும் நிற்கவும் இல்லை. “யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றவர்களிடம் மட்டும் அவர் முகம் மாறியது.

பெரிய இடங்களிலும் இதுதான். எலிசபெத் ஹோம்ஸ் 2003-இல், 19 வயதில், தெரனோஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுக்கும் சில துளி ரத்தத்திலேயே ஏராளமான பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்றார். அமெரிக்க வெளியுறவுத் துறையை நடத்திய பெரியவர்கள்கூட அவர் நிறுவனத்தின் இயக்குநர்களாக உட்கார்ந்தார்கள். ஒரு கட்டத்தில் நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. 2022-இல் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பாகி, 11 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. கருவியைத் திறந்து காட்டச் சொன்னால் ரகசியம் என்பதே அங்கே பதிலாக இருந்தது.

இதைவிட என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. ஏமாற்றும் எண்ணமே இல்லாதவரின் உறுதியும் தவறாக இருக்கலாம். 1984-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் வன்கொடுமைக்கு ஆளான மாணவி ஒருவர், குற்றவாளியின் முகத்தைக் கவனமாக மனதில் பதித்திருந்தார். ரொனால்ட் காட்டன் என்பவரை அடையாளம் காட்டினார். முழு மனதோடு, முழு நம்பிக்கையோடு. ஜூரிகளும் நம்பினார்கள். 1995-இல் மரபணுப் பரிசோதனை, குற்றம் செய்தவர் வேறொருவர் என்று காட்டியது. அதற்குள் பத்து வருடத்துக்கு மேல் காட்டன் சிறையில் இருந்துவிட்டார். குரலின் உறுதியை வைத்து உண்மையை அளக்க முடியாது. ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது ஒப்புக்கொள்ளும்போது அதே கேள்வியை உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் மறுத்துவிட்டால்?

காந்தி சம்பாரணுக்குப் போனார் என்றேன். அவரைப் போக வைத்தது யார் என்று சொல்லவில்லை. ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி. 1916 டிசம்பரில் லக்னோ காங்கிரஸ் மாநாட்டில் காந்தியைப் பிடித்தார். அவுரி விவசாயிகளுக்காகத் தீர்மானம் கொண்டுவரச் சொன்னார். நேரில் பார்க்காமல் முடியாது என்று காந்தி மறுத்தார். சுக்லா வருத்தப்படவில்லை, ‘அப்படியானால் வந்து பாருங்கள்’ என்றார். காந்தி கான்பூர் போனார், சுக்லாவும் அங்கே வந்தார். ‘இங்கிருந்து பக்கம்தான், ஒரு நாள் கொடுங்கள்’ என்றார். காந்தி ஆசிரமத்துக்குத் திரும்பினார், அங்கேயும் வந்தார். ‘தேதியை மட்டும் சொல்லுங்கள்.’ கல்கத்தாவுக்கு இன்ன தேதியில் வருகிறேன், அங்கே வந்து அழைத்துப் போங்கள் என்றார் காந்தி. எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று எதுவும் அவருக்குத் தெரியாது.

கல்கத்தாவில் காந்தி தங்க வேண்டிய வீட்டுக்கு அவர் போய்ச் சேர்வதற்கு முன்பே சுக்லா வந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறையும் முந்தின முறையைவிடச் சிறியதாக ஒன்றைத்தான் கேட்டார். முதலில் தீர்மானம், பிறகு ஒரு நாள், கடைசியில் ஒரு தேதி. 1917 ஏப்ரலில் இருவரும் கல்கத்தாவிலிருந்து கிளம்பினார்கள். எந்த ரயில் என்றுகூடக் காந்திக்குத் தெரியாது. சுக்லாதான் கூட்டிக்கொண்டு போய் ஏற்றினார். மறுநாள் காலை பாட்னாவில் இறங்கினார்கள்.